வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை

கண்டியில் அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். அதிலிருந்தே தொடங்குகிறேன். பிறகு நடந்தவற்றில் என் தவறு என்று ஏதாவது இருந்தால் அது அந்தப் பொய்தான்.

"நீர் எந்த இடம், பிள்ளை?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்.

"புசல்லாவைங்க."

"டவுனோ, தோட்டமோ?"

"டவுன்தாங்க" என்றேன்.

எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, டவுனிலிருந்து நான்கு மைல் உள்ளே இருந்தது. அப்பாவுக்குத் தேயிலை பெக்டரியில் வேலை, அம்மா கொழுந்து பறித்தாள். கண்டியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில் நடந்த ஒரு சின்னக் கம்பியூட்டர் வகுப்பில் ஆறு மாதம் படித்து முடித்திருந்தேன். அங்கே கூடப் படித்தவர்கள் இதே கேள்வியைக் கேட்டபோது உண்மையைத்தான் சொன்னேன். தோட்டம் என்றதும் அவர்கள் பேச்சு ஒரு படி இறங்கும். கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு அந்த வாசலில் நின்றபோது எனக்கு இருபத்திரண்டு வயது, அந்த வேலை வேண்டியிருந்தது.

வேலை என்னவென்றால், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் கற்பிப்பது. மகனுக்கு ஆறு வயது, மகளுக்கு நான்கு. தகப்பன் அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் என்ஜினியர். யாழ்ப்பாணத்துக்காரர்கள், கண்டிக்கு மாற்றலாகி வந்து வாவிக்கு மேலே ஒரு மேட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அந்த வீட்டு அம்மாவின் தம்பி லண்டனிலிருந்து கம்பியூட்டரைக் கப்பலில் அனுப்பியிருந்தார். தொண்ணூறுகளின் கடைசி அது. வீட்டில் கம்பியூட்டர் வைத்திருந்தவர்களைக் கண்டியில் விரல் விட்டு எண்ணலாம். பெட்டி வந்து இரண்டு மாதமாகியும் பழுதாகிப்போகுமோ என்ற பயத்தில் யாரும் அதைத் தொடவில்லை. வகுப்பு நடத்தியவரிடம் யாரோ விசாரித்து, அவர் என்னை அனுப்பினார்.

திங்கள் முதல் வெள்ளி வரை சமையலறைக்குப் பக்கத்து அறையில் தங்க வேண்டும், சனிக்கிழமை ஊருக்குப் போகலாம் என்று பேச்சு. அப்பா யோசிக்காமல் சம்மதித்தார். இரண்டு கலவரங்களில் புசல்லாவைக் கடைத்தெரு எரிந்ததைப் பார்த்தவர் அவர். கண்டியில் நான் தனியாக அறை எடுத்துத் தங்குவதை நினைத்து அதுவரை பயந்துகொண்டிருந்தார்.

"நம்ம ஆளுங்க வீடு. பயமில்லாம இருக்கலாம்" என்றார்.

நான் போன நாள் கம்பியூட்டர் முன்னறையின் மூலையில், ஜன்னல் சீலையில் மிஞ்சிய துணியால் தைத்த உறையைப் போர்த்திக்கொண்டு இருந்தது. உறையை எடுத்தால் திரைக்கு மேலே சந்தனப் பொட்டு. பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் அதற்குப் பக்கத்தில் வர வேண்டும். பிள்ளைகளின் தகப்பனைச் சேர் என்று கூப்பிடுவேன்; அவர் முதல் நாள் எனக்குப் பின்னால் நின்று, நான் எந்த வயரை எங்கே செருகுகிறேன் என்று பார்த்துக்கொண்டேயிருந்தார். திரையில் வெளிச்சம் வந்ததும் பெரிதாக மூச்சு விட்டார்.

லண்டன் மாமா ஒரு சீடியும் அனுப்பியிருந்தார். அதில் ஒரு கரடி இங்கிலீஷ் எழுத்துக்களைப் பாடும். எழுத்தைத் தொட்டால் அதற்குரிய மிருகம் துள்ளி வரும். சின்னவளின் கைக்கு மவுஸ் பெரிது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளுவாள், அது மேசை விளிம்பைத் தாண்டி வயரில் தொங்கும். அப்போதெல்லாம் தானே விழுந்துவிட்டது போல ஓவென்று அழுவாள். பெரியவன் அப்படியில்லை. சொன்னதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டு, சொல்லாததையும் அமுக்கிப் பார்ப்பான்.

இரண்டாவது கிழமை அவன் கேட்டான்.

"டீச்சர், உந்தக் கரடிக்குத் தமிழ் தெரியாதோ?"

தெரியாது. அந்தக் கம்பியூட்டரில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் படம் வரையும் இடத்தில் மவுஸைப் பிடித்து நானே அ எழுதினேன். மவுஸால் எழுதுவது சுலபமில்லை, கை ஒரு பக்கம் போக கோடு வேறு பக்கம் போகும். என்னுடைய முதல் அ காய்ச்சல்காரன் எழுதியது போல இருந்தது. அதை அழித்து எழுதி, பக்கத்தில் ஒரு அணில் வரைந்தேன். அடுத்த நாள் ஆவன்னாவும் ஆமையும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் காலை நேரம் முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வரைந்தேன். உயிரெழுத்து, மெய்யெழுத்து, பிறகு கா, கி, கீ. ஞ சரியாக வர மூன்று நாள் பிடித்தது. கொ வந்தபோது கை தானாகவே கொழுந்து என்று போகப் பார்த்தது. நிறுத்திவிட்டுக் கொக்கு வரைந்தேன். டவுன் பிள்ளைக்குக் கொழுந்து எதற்கு ஞாபகம் வர வேண்டும் என்று அவர்கள் நினைத்துவிடுவார்களோ என்று பயம். இப்போது யோசித்தால் அதுதான் எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அந்த மாதங்களில் நான் சந்தோசமாக இருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டு அம்மா நல்ல மாதிரி. எனக்கும் சேர்த்தே பிட்டு அவிப்பார். என் படங்களைப் பார்த்துவிட்டு, "உம்மட கைக்கு நல்ல கீற்று இருக்கு" என்றார். நான் வேண்டுமென்றே அவர்களைப் போலப் பேசப் பழகினேன். ஆமாங்க என்பது ஓம் ஆனது. சனிக்கிழமை வீட்டில் வாய் தவறி ஓம் என்று சொன்னபோது தங்கச்சி சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது.

அந்த வருசம் நகரத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. மூலைக்கு மூலை மண்மூட்டை அடுக்கிக் காவல் போட்டார்கள். பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கி நடக்கவைத்தார்கள். தமிழர்கள் இருந்த வீடுகளில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் கொடுக்கச் சொன்னார்கள். சேர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பியபோது நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என் பேரும் போடணும்ங்களா, சேர்?"

அவர் பேனாவை மூடினார். "நீர் ஒவ்வொரு சனியும் போய் வாறனீர் தானே. இருக்கிற ஆள் எண்டு எழுதினால் கேள்வி கூடும். பேந்து பாப்பம்."

எனக்கும் அது நல்லதாகப் பட்டது. பெயரை எழுதினால் அடையாள அட்டையைக் கேட்பார்கள், அட்டையில் தோட்டத்தின் பெயர் இருந்தது. வாயை மூடிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பெரியவனுக்கு ஒரு வேலை கொடுத்தேன். வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை போகும் வழியைக் கம்பியூட்டரில் வரையச் சொன்னேன். இடம், வலம், மேல், கீழ் என்பதெல்லாம் பிடிபடட்டும் என்று நினைத்தேன். மூன்று நாள் அதிலேயே இருந்தான். எங்கள் வீடு, பக்கத்து வீட்டுப் பலா மரம், வளைந்து வளைந்து இறங்கும் றோட்டு, பஸ் தரிப்பிடம், நீல நிறத்தில் வாவி, அதற்குள் பள்ளிக்கூட வானை விடப் பெரிய மீன். வாவிக்குப் பக்கத்தில் மண்மூட்டைகள், நான்கு, ஒன்றின்மேல் ஒன்று. அதற்குப் பின்னால் தொப்பி போட்ட ஒருவர், கையில் துவக்கு. தினமும் பள்ளிக்கூட வானுக்குக் கை காட்டும் ஆமிக்காரர் அவர். அவருக்குச் சிரித்த வாய் வரைந்து, பச்சை நிறம் அடித்தான்.

"டீச்சர், எல்லாத்துக்கும் பேர் எழுதித் தாங்கோ."

எழுதிக் கொடுத்தேன். வீடு. மரம். குளம். காவல். பள்ளிக்கூடம். மவுஸால் எழுதிய என் கோணல் எழுத்து.

சேருக்கு அந்தப் படம் மிகவும் பிடித்தது. திணைக்களத்தில் வர்ண பிரின்டர் இருந்தது. பிளொப்பியில் கொண்டுபோய்ப் பெரிதாக அடித்து வந்து, முன்னறையில் கம்பியூட்டருக்கு மேலே சுவரில் ஒட்டினார். வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீருக்கு முன்னால் அதைத்தான் காட்டுவார்.

"மகன் கொம்பியூட்டரில கீறினது. ஆறு வயசு."

அப்போது சின்னவளும் ஓடி வந்து, அதில் எங்கேயோ ஒரு புள்ளி தான் வைத்தது என்று காட்டுவாள். நான் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

அவர்கள் ஒரு பகலில் வந்தார்கள். பிற்பகல் மூன்று மணி இருக்கும், பாடம் நடந்துகொண்டிருந்தது. சேருக்கு அன்றைக்கு லீவு. நான்கு பொலிஸ்காரர்களும் ஒரு பெண் பொலிசும். அவர்களில் பெரியவர் மரியாதையாகத்தான் பேசினார். படிவத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று சிங்களத்தில் கேட்டார். சேர் நான்கு என்றார். பெரியவர் எங்களைப் பார்த்து எண்ணினார். ஐந்து.

"இது யார்?"

"பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வருகிறவள்."

என் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் சத்தமாக வாசித்தார். சேர் திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தார். அந்தப் பார்வையைச் சந்திக்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் ஒரு பொலிஸ்காரர் சுவரில் இருந்த படத்துக்குக் கிட்டப் போனார்.

"மேக்க மொகத?" இது என்ன என்று கேட்டார்.

அவர் விரலால் றோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். வளைவு, பஸ் தரிப்பிடம், வாவி. மண்மூட்டைக்கு வந்ததும் விரல் நின்றது. துவக்கு வைத்திருந்த ஆளைத் தட்டினார். அதற்குக் கீழே தமிழில் எழுதியிருந்ததைத் தட்டினார். பெரியவரும் எழுந்து போய்ப் பார்த்தார்.

"இதை வரைந்தது யார்?"

எந்த விருந்தாளியும் கேட்காத அளவுக்குச் சத்தமாகக் கேட்டார். சேரின் முகம் வெளுத்துப்போனது. அவர் சிங்களத்தில் சொன்னது ஒவ்வொரு சொல்லாக இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அந்தப் பெண் செய்தது. கம்பியூட்டர் வேலையெல்லாம் அவள்தான். டவுன் என்று சொல்லித்தான் எங்களிடம் வந்தாள். அவள் யார் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது."

நான் தோட்டத்தில் சிங்களக் கணக்கப்பிள்ளையின் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

பெரியவன் கதிரையிலிருந்து இறங்கி வந்தான்.

"அது நான் கீறினது. பேர் மட்டும்தான் டீச்சர் எழுதினவ" என்றான்.

தமிழில் சொன்னான். வந்தவர்களில் யாருக்கும் தமிழ் தெரியாது. சேர் அவன் தோளைப் பிடித்து அம்மாவின் பக்கம் தள்ளினார். "உள்ள கூட்டிக்கொண்டு போம்." அம்மா இரண்டு பிள்ளைகளையும் அணைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் ஏன் பேசவில்லை என்று பிறகு பலர் கேட்டார்கள். பேசினேன். பிள்ளை வரைந்தது என்று சிங்களத்தில் சொன்னேன். பெரியவர் சேரைப் பார்த்தார். சேர் சாத்திய அறைக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் விசயத்தில் பொய் சொன்னவள் இதிலும் பொய் சொல்கிறாள் என்று ஆகிவிட்டது. படத்தைச் சுவரிலிருந்து உரித்தார்கள். கம்பியூட்டரையும் கழற்றி ஜீப்பில் ஏற்றினார்கள். எனக்கும் அதற்கும் ஒரே இடம்தான். நான் பின்னால் உட்கார, திரை என் மடியில் இருந்தது. இறக்கத்தில் விழாமல் அதைப் பிடித்துக்கொண்டே போனேன்.

பொலிஸ் நிலையத்தில் ஒருவருக்கும் கம்பியூட்டரைப் பற்றித் தெரியவில்லை. மேசையில் துண்டு துண்டாக வைத்துக்கொண்டு சுற்றி நின்று பார்த்தார்கள். கடைசியில் என்னையே கூப்பிட்டு, போட்டுக் காட்டச் சொன்னார்கள். வயர்களைச் செருகினேன். உள்ளே இருப்பதையெல்லாம் திறக்கச் சொன்னார்கள், ஒவ்வொன்றாகத் திறந்தேன். அணில், ஆமை, இலை. பெண் பொலிஸ் ஒவ்வொன்றுக்கும், "இதற்கு என்ன அர்த்தம், இது யாருக்குச் செய்தி?" என்று கேட்டாள். அது அணில் என்று சொன்னதற்குக் கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. பிறகு சீடியைப் போடச் சொன்னார்கள். கரடி வந்து பாட ஆரம்பித்தது. முறைப்பாடு எழுத வந்தவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். ஒரு இளம் பொலிஸ்காரர் மவுஸை வாங்கி யானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விட மனமில்லாமல் சிங்கம், குரங்கு என்று போய்க்கொண்டிருந்தார். பெரியவர் வந்து சத்தம் போட்டதும் அவசரமாக மவுஸைக் கழற்றி என்னிடம் தந்தார். நான் அதை அந்த மேசை லாச்சிக்குள் வைத்தேன். என் கன்னம் எரிந்துகொண்டிருந்தது.

யாருக்காக வரைந்தாய், எத்தனை பிரதி எடுத்தாய், யாரிடம் கொடுத்தாய். இரண்டு நாளும் இந்த மூன்று கேள்விதான். மூன்றாம் நாள் காலையில் என்னைச் சுவரோரம் ஒரு வாங்குப் பலகையில் உட்கார வைத்திருந்தபோது சேர் உள்ளே வந்தார்.

அவரைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. கூட்டிப் போக வந்துவிட்டார் என்று நினைத்தேன். நன்றாக அயர்ன் பண்ணிய சட்டை, கையில் காகிதக் கோவை. பெரியவரின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து காகிதங்களை எடுத்து வைத்தார். துறைமுகத்தில் பெட்டியை எடுத்த ரசீது, லண்டன் மச்சான் அனுப்பிய கடிதம், திணைக்களப் பெரியவர் ஒருவர் கொடுத்த கடிதம். அரை மணி நேரம் பேசினார்கள். பெரியவர் கையெழுத்துப் போட்டார். தேநீர் கூட வந்தது. நான் எழுந்து நின்றேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. சேர் மேசைக்குப் போய்க் கம்பியூட்டரைக் கழற்ற ஆரம்பித்தார். உறையைப் போட்டு, திரையைத் தானே தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். எதையோ தேடினார். குனிந்து மேசைக்குக் கீழே பார்த்தார். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"பிள்ளை, மவுஸைக் காணேல்ல. எங்க வச்சனீர்?"

"லாச்சியில இருக்குங்க சேர்" என்றேன்.

எடுத்துக்கொண்டார். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. அந்த இளம் பொலிஸ்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவருடன் வெளியே நின்ற வான் வரை போனார். நான் வாங்கில் உட்கார்ந்தேன்.

ஆறாம் நாள்தான் என்னை விட்டார்கள். அப்பா மூன்று நாளாக வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் நின்றிருக்கிறார், அவரை உள்ளே விடவில்லை. பிறகு தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் கடிதம் வாங்கி, அவரையே கையோடு கூட்டி வந்தார். பெரியவர் கடிதத்தை வாசித்தார், கிளாக்கரிடம் ஏதோ கேட்டார், என்னைப் போகச் சொன்னார். படத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. அதற்குள் அவர்களுக்கே தெரிந்திருக்கும், பள்ளிக்கூட வானை விடப் பெரிய மீனை எந்த உளவாளியும் வரைய மாட்டான் என்று.

புசல்லாவை பஸ் கம்பளையைத் தாண்டியது. அதற்குப் பிறகுதான் அப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டவுனுன்னு ஏன் புள்ள சொன்ன?"

பொலிஸ் பெரியவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். ஆறு நாளில் எனக்கு நடந்தது எதுவும் அந்தக் கேள்வி அளவுக்கு வலிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே, "நம்ம ஆளுங்க வீடுன்னு நம்பிட்டேன்" என்றார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"யாருப்பா ஒங்களுக்குச் சொன்னாங்க, நான் உள்ள இருக்கேன்னு?"

"நீ குடுத்திருந்த நம்பர்ல கீழ்க் கடைக்கு போன் வந்துச்சு. ஒரு பொம்பள. பேர் சொல்லல. யாழ்ப்பாணத்துப் பேச்சுன்னு கடைக்காரரு சொன்னாரு."

என் சான்றிதழ்களும் உடுப்பும் அந்த வீட்டில் இருந்தன. அடுத்த கிழமை எடுக்கப் போனேன். பை ஏற்கனவே வாசல் படலைக்கு உள்பக்கம், சைக்கிள் நிறுத்தும் இடத்தில் இருந்தது. அம்மா வெளியே வந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உமக்கு விளங்கும் தானே. எங்களுக்கும் ரெண்டு பிள்ளையள்."

விளங்கியது. போன் பேசியது அவர்தான் என்றும் விளங்கியது. நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பெரியவன் உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"டீச்சர், கலியாணம் முடிஞ்சுதோ?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அப்படித்தான் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"இல்லப்பா" என்றேன்.

"அப்பா நீங்கள் கீறினதெல்லாம் அழிச்சுப்போட்டார். அணிலும் இல்லை. கரடி மட்டும்தான் இருக்கு."

எத்தனை காலை நேரம் அது. மண்டி போட்டு உட்கார்ந்தவள் போல முதுகு வளைந்து, எழுத்து எழுத்தாக வரைந்தது. ஒரு பிளொப்பியில்கூட நான் எடுத்து வைத்திருக்கவில்லை. அந்த வீட்டிலேயே இருக்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"தமிழ்ல ஒண்டும் கம்பியூட்டரில இருக்கக் கூடாதாம்" என்று அவன் தொடர்ந்தான். அம்மா அவனை உள்ளே போகச் சொன்னார். அவன் போகும் வரை நானும் நின்றேன்.

கண்டியில் எனக்கு அதற்குப் பிறகு வேலை கிடைக்கவில்லை. வகுப்பு நடத்தியவர், பொலிஸ் பிரச்சினை உள்ள பிள்ளையை வைத்துக்கொள்வது கஷ்டம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் தமிழர்தான். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகப் போனேன். பல வருசம் கழித்து நிரந்தர நியமனம் கிடைத்தது. அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கம்பியூட்டர் வந்தபோது யுத்தம் முடிந்திருந்தது, எனக்குக் கலியாணமாகி ஒரு மகளும் இருந்தாள். நான் கற்றதெல்லாம் அதற்குள் பழசாகிவிட்டது. பிள்ளைகளுடன் சேர்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

சேர் குடும்பம் வெளிநாட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரைப் பார்த்தால் என்ன சொல்வது என்று எனக்குள் எப்போதும் ஒரு பேச்சு தயாராக இருந்தது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கடந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்கும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். வருசம் போகப் போக அது நீளமாகிக்கொண்டே வந்தது.

மூன்று வருசத்துக்கு முன்னால் கண்டியில் ஒரு மண்டபத்தில் என்னுடன் படிப்பிக்கும் டீச்சரின் கலியாணம். மாப்பிள்ளை யாழ்ப்பாணம். சாப்பாட்டுக்கு எழுந்தபோது தலை முழுக்க நரைத்த ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்தது.

"நீங்கள் எங்கட பிள்ளையளுக்குக் கொம்பியூட்டர் படிப்பிச்சனீங்கள் எல்லோ?"

நீர் என்பது நீங்களாகியிருந்தது. மகன் அங்கே பெரிய கம்பியூட்டர் கம்பனியில் என்ஜினியர் என்றார். "நீங்கள் போட்ட அத்திவாரம். நான் எல்லாருக்கும் சொல்லுறனான்."

"மெடம் வரலீங்களா?"

"அவ கண் மூடி ரெண்டு வருசம்." என்றார். "உங்களைப் பற்றிக் கதைப்பா. அந்தக் காலம் அப்பிடி, என்ன செய்யிறது."

நான் தயார் செய்து வைத்திருந்த பேச்சில் ஒரு வரியும் வரவில்லை.

"காலத்தச் சொல்லாதீங்க சேர்" என்றேன். "அன்னைக்கு நீங்க சிங்களத்துல சொன்னது ஒவ்வொரு சொல்லும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெதுவாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு வேற வழி இருக்கேல்ல."

"புள்ள வரைஞ்சதுன்னு சொல்லியிருக்கலாம்."

"அப்பிடிச் சொல்லியிருந்தால் என்னைக் கொண்டு போயிருப்பாங்கள்."

"ஆமா சேர். ஒங்களத்தான் கொண்டு போயிருப்பாங்க."

அவர் சொன்னது சரி. அவர்களுக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. அவர் போயிருந்தால் ஆறு நாளில் வந்திருக்க மாட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆண், என்ஜினியர், எத்தனை வருசம் உள்ளே இருந்திருப்பாரோ. அந்தப் பையன் எங்கே படித்திருப்பான், என்னவாகியிருப்பான் என்று சொல்ல முடியாது. இதெல்லாம் எனக்கும் பல வருசமாகத் தெரியும். தெரிந்திருப்பதால் கோபம் குறைந்துவிடவில்லை. அவர் வாங்குக்குப் பக்கத்தில் வந்தபோது கம்பியூட்டரைப் பற்றிக் கேட்காமல் சாப்பிட்டாயா என்று ஒரு சொல் கேட்டிருந்தால், நான் அவரை மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அதற்கு எந்தப் பொலிஸ்காரரும் அவரைப் பிடித்திருக்க மாட்டார்.

"மகன் உங்களோட கதைக்க ஆசைப்படுவான். போன் நம்பரைத் தாறியளோ?" என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கத்தான் அவருக்கு இந்த வழி தெரிந்ததோ என்னவோ.

"வேணாங்க சேர்."

பந்தியில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். போய் உட்கார்ந்தேன். யார் அது என்று மகள் கேட்டாள். முன்பு வேலை செய்த வீட்டுக்காரர் என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, வடையை எனக்கு வைத்துவிட்டுப் பாயசத்தை எடுத்துக்கொண்டாள். சேர் கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்றார். பிறகு அவரை யாரோ கைபிடித்துக் கூட்டிப் போனார்கள்.

பிற்பகலில் எல்லோரும் வாடகை வானில் ஊருக்குத் திரும்பினோம். மழை பெய்தது. கூட வந்த டீச்சர்மார் மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாட்டில் உறைப்புக் கூட என்று பேசிக்கொண்டு வந்தார்கள். கம்பளை வரைக்கும் எனக்குக் கோபமாகவே இருந்தது. அதற்குப் பிறகு தூக்கம் வந்துவிட்டது.